பிள்ளைகள், அம்மம்மா, மாமா வீட்டாரோடு முதல் காம்பிங்: எது பிழைத்தால் எங்கே பார்ப்பது

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கமிருந்து கோடையில் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு இது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேர், அதில் நாலைந்து சின்னன்கள், கூட ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காட்டால் வருகிற தொல்லை குறைவு. வீட்டுக் குசினியையும் வீட்டுப் பழக்கத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வருகிற தொல்லைதான் கூட.

"இத்தனை பேரும் ஒரே சைட்டில் தங்க முடியாது" என்று வாசலில் சொல்கிறார்கள்

சைட் என்பது கூடாரம் அடிக்கத் தருகிற இலக்கமிட்ட இடம். ஒரு சைட்டுக்கு 6 பேர், கூடாரம் போன்ற தங்கும் சாமான் 3, இதுதான் எல்லை. அனுமதிச் சீட்டில் ஒரு வாகனம் அடக்கம். அடுத்த வாகனத்துக்குத் தனிக் காசு. ஆகவே 12 பேருக்கு அடுத்தடுத்து இரண்டு சைட் வேண்டும், அல்லது கூட்டமாகப் போகிறவர்களுக்கென்று இருக்கும் பெரிய இடம் வேண்டும். முன்பதிவு 5 மாதத்துக்கு முன் காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 1 போவதென்றால் மார்ச் 1 காலையில், இரண்டு பேர் இரண்டு கணினியில் இருந்து, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களைப் பிடிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பிடிக்கப் பார்த்தால், முதலாவதை முடிப்பதற்குள் இரண்டாவது போய்விடும்.

வாசலில் வந்து நின்றபிறகுதான் தெரிந்ததென்றால் அலுவலகத்தில் வெற்று சைட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் பக்கத்து ஊர் மோட்டலில் படுக்கவிட்டு, பகலுக்கு மட்டும் கூட்டி வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற மாமா வீட்டாருக்கும் பகல் நேர வாகன அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு முன் அவர்கள் வெளியேறிவிட வேண்டும். சைட்டுக்குள் போகும் நேரம் பிற்பகல் 2 மணி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து 6 மணிக்குக் கிளம்பி 400ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டினால் இருட்டில்தான் கூடாரம் அடிப்பீர்கள். ஒரு வாகனமாவது மத்தியானமே கூடாரங்களோடு போய்ச் சேரட்டும்.

கூடார முளை இறங்கவில்லை, இறங்கினால் நிற்கவில்லை

நிலத்தைப் பொறுத்தது. கில்பெயார், அல்கொன்குயின் பக்கம் மேல் மண் ஒரு சாண்தான், கீழே பாறை. அடித்தால் முளை வளையும். இழுகயிற்றின் நுனியில் ஒரு தடியைக் குறுக்கே கட்டி நிலத்தில் கிடத்தி, தடியின் மேல் கயிற்றுப் பக்கமாக இரண்டு பாரக் கல் வையுங்கள். கயிற்றைக் கல்லில் நேரே கட்டினால் உரசி அறும்.

சான்ட்பாங்க்ஸ், பைனரி போன்ற இடங்களில் மணல். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை அங்கே உதவாது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள். சாதாரண மண்ணென்றால் முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களில் பாதிப் பேர் கூடாரத்தை நோக்கிச் சாய்த்து அடிப்பார்கள், காற்று வந்ததும் கழன்று வரும்.

விடிய எழும்பினால் கூடாரத்துக்குள் ஈரம்

"கூடாரம் ஒழுகுது, கடையில் திருப்பிக் கொடுப்பம்" என்று சொல்வதற்கு முன் ஈரம் எங்கே இருக்கிறதென்று கையால் தடவிப் பாருங்கள்.

மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் துளி என்றால் அது மழையல்ல, உங்கள் மூச்சு. நாலு பேர் மூடிய கூடாரத்துக்குள் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் அந்த நீராவி குளிர்ந்த துணியில் படியத்தான் செய்யும். குளிருது என்று காற்றுவழிகளை மூடுவதால்தான் இது கூடுகிறது. மேல் வலை ஜன்னல்களைத் திறந்தே விடுங்கள். கூடாரத்தின் மேல் போர்த்தும் மழைத்துணியை இழுகயிற்றால் வெளியே இழுத்து, உள்துணியில் ஒட்டாமல் நிறுத்துங்கள். நனைந்த உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள்.

தரையின் ஓரத்தில் குளமாக நின்றால் குற்றவாளி கீழே விரித்த படங்குதான். கூடாரத்தை விடப் பெரிய படங்கை விரித்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி மழைத்தண்ணியைப் பிடித்து நேரே கூடாரத்துக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். எல்லாப் பக்கமும் கூடாரத்தரையை விட நாலு விரல் உள்ளே இருக்குமாறு படங்கை மடித்து விடுங்கள். மடித்த ஓரம் கீழ்ப்பக்கம் போகவேண்டும்.

தையல் வழியே ஒரே இடத்தில் சொட்டினால் உண்மையான ஒழுக்கு. தையலுக்குப் பூசும் சீலர் ஒரு குழாய் வாங்கி, வீட்டு முற்றத்தில் கூடாரத்தை அடித்துக் காய்ந்த தையலில் பூசி, ஒரு நாள் உலரவிட்டு, தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் நனைத்துப் பாருங்கள். புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் இதைச் செய்தால், கம்பு குறைகிறதா, கொக்கி உடைந்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கண்ணாடியிழைக் கம்பு முறிந்தால் முறிந்த இடத்தின் மேல் உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இரு முனையிலும் டேப் சுற்றுங்கள். பல பெட்டிகளில் அந்தத் துண்டு ஒரு மூலையில் கிடக்கும், குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். கம்பின் சிராய் கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

இரவு 2 மணிக்குப் பிள்ளை அழுகிறது

பால் கரைக்க ஓடாதீர்கள். முதலில் ஈரமா என்று பாருங்கள், பிறகு குளிரா, பிறகு பசியா. பயம் கடைசி. ஈரமென்றால் சிறுநீர் மட்டும் அல்ல: பகல் முழுக்க ஓடி விளையாடிய வியர்வை ஊறிய பருத்திச் சட்டையோடேயே படுத்திருந்தால் நடுச்சாமத்தில் அது பனிக்கட்டி மாதிரி ஆகும். படுக்கப் போகிறபோது உள்ளாடை, காலுறை உட்பட எல்லாம் மாற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். அந்த உடுப்பைப் பகலில் தொடவே கூடாது, தனிப் பையில் இருக்கட்டும்.

வடக்கே ஜூலை இரவிலும் 10 பாகைக்கு இறங்கும், ஓகஸ்ட் கடைசியில் அதற்கும் கீழே போகும். பிள்ளையின் கையும் மூக்கும் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். பிடரி சூடென்றால் பிள்ளைக்குக் குளிரில்லை. வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள்.

கைக்குழந்தைக்குச் சட்டம் வேறு. காற்று மெத்தையில் பெரியவர்களுக்கு நடுவில் கைக்குழந்தையைக் கிடத்தக் கூடாது. மெத்தை அமிழும், முகம் புதையும். மடக்குத் தொட்டில் ஒன்றைக் கூடாரத்துக்குள் வைத்து, தளர்வான போர்வை இல்லாமல், உடுப்புக்கு மேல் உடுப்பாகப் போட்டுப் படுக்கவையுங்கள். "பிள்ளைக்குக் குளிரும்" என்று அம்மம்மா கம்பளி கொண்டு வருவார். அதை அம்மம்மாவின் காலுக்குப் போட்டுவிடுங்கள்.

காற்று மெத்தை விடியற்காலையில் சப்பையாகக் கிடக்கிறது

ஓட்டையாகவே இருக்க வேண்டுமென்றில்லை. மாலை 28 பாகையில் ஊதிய காற்று இரவில் 12 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு சுருங்கும். புதுமெத்தையின் பிளாஸ்டிக்கும் முதல் இரவில் கொஞ்சம் இழுபடும். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை ஊதினால் போதும். அதற்குப் பிறகும் இறங்கினால் சவர்க்காரத் தண்ணியைத் தடவி, குமிழி வருகிற இடத்தைப் பிடியுங்கள். முதலில் மூடியடியில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான்.

மெத்தை இறங்காமலே முதுகு குளிர்ந்தால் அது வேறு கதை. உள்ளே இருக்கிற காற்று நிலத்தின் குளிரை மேலே கொண்டுவரும். மேலே இன்னொரு போர்வை போடுவதால் பலனில்லை. மெத்தைக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு பஞ்சுப்பாய் அல்லது தடித்த கம்பளி விரியுங்கள்.

அடுப்பு சோர்கிறது, சோறு பாதி வேகுது

பச்சை நிற 465 கிராம் புரொப்பேன் சிலிண்டர் ஒரு கண்ணை முழுத் தீயில் ஏறக்குறைய 2 மணி நேரம்தான் எரிக்கும். இரண்டு கண்ணும் எரிந்தால் ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேருக்குக் காலைத் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, கறி, இரவு ரொட்டி என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போகும். BBQ அடுப்புக்குப் போடுகிற 20 இறாத்தல் தாங்கியும், அதை அடுப்போடு சேர்க்கும் குழாயும் வாங்கினால் கிழமைக்கடைசி முழுக்கக் கவலையில்லை. பூட்டியதும் இணைப்பில் சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

சிலிண்டர் நிறைய இருந்தும் தீ சோர்கிறதென்றால் அதன் வெளிப்பக்கத்தைத் தொடுங்கள். உறைபனி படிந்திருந்தால், திரவம் ஆவியாகிற வேகத்தில் தானே குளிர்ந்துவிட்டது. தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், அல்லது மற்றச் சிலிண்டரை மாற்றிப் போடுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்க நினைக்கவே வேண்டாம்.

சோறு வேகாததற்கு இன்னொரு காரணம் சட்டி. கல்யாண வீட்டுச் சட்டியை இரண்டு கண்ணுக்கும் மேலாக வைத்தால் நடுவில் வேகாது, ஓரம் அடிப்பிடிக்கும். அடியில் சிக்கிய வெக்கை அடுப்பின் குமிழையும் குழாயையும் சுட்டுவிடும். 6 சுண்டு அரிசியை மூன்று மூன்றாக இரண்டு பானையில் போடுங்கள். காற்றுப் பக்கம் மறைப்பு வைத்தாலே பாதி எரிவாயு மிச்சம்.

முதலிரவில் சமைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பெரும்பாலும் அது வெள்ளிக்கிழமை, பெரியவர்கள் மரக்கறி. பாணும் மாசி போடாத சீனிச்சம்பலும், வீட்டில் அவித்த புட்டும் இருந்தால் கூடாரம் அடித்து முடிந்ததும் எல்லாரும் சாப்பிட்டுவிடலாம்.

மின்சார சைட்டில் பிளக் போட்டதும் கரண்ட் போகிறது

15 அம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 1800 வாட்டுக்குமேல் தாங்காது. கேத்தில் ஒன்றே 1500 வாட் இழுக்கும். கூடவே 1000 வாட் சோற்றுக் குக்கர் போட்டால் விழத்தான் செய்யும். ஒன்று முடிந்து ஒன்று. இரவில் யாருக்காவது மூச்சு இயந்திரம் ஓடுகிறதென்றால் அந்த இணைப்பில் ஹீட்டர் போடவே கூடாது. மழைக்குப் பிறகு காரணமில்லாமல் விழுந்தால், நீட்டு வயரின் மூட்டு ஈரத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பாவனை வயராகவே கொண்டு போங்கள், மூட்டை நிலத்திலிருந்து தூக்கிக் கட்டுங்கள்.

விறகு புகைகிறது, பற்றவில்லை

ஈரம், அல்லது தடிப்பு. பூங்காவில் வாங்கும் துண்டுகளைக் கை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, விரல் பருமன் சிராயில் தொடங்குங்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகத வண்டு 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பிறகு மாகாணத்தில் பரவியதில் விறகு வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வரட்சியில் நெருப்புத் தடை வரலாம். புறப்படுகிற அன்று பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள்.

பிள்ளை சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

கூடாரத்துக்குள் எல்லாருக்கும் தலையிடி, சத்தி வருமாப்போல்

சாப்பாட்டில் பிழை தேடாதீர்கள். உள்ளேயோ வாசல் முகப்பிலோ அடுப்பு, கரி, புரொப்பேன் ஹீட்டர் ஏதாவது எரிந்ததா? அப்படியென்றால் அது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. உடனே எல்லாரையும், நித்திரையில் இருப்பவர்களையும் எழுப்பி, வெளியே கொண்டு வந்து 911 அழையுங்கள். தணல் அணைந்தமாதிரித் தெரியும் BBQ கரிச்சட்டியும் மணிக்கணக்காக இதை விடும். மழை வந்தாலும் அது வெளியேதான்.

இரண்டாம் நாள் கூலரில் ஐஸ் இல்லை

சின்னன்கள் அரைமணிக்கு ஒருக்கால் ஜூஸ் எடுக்கக் கூலரைத் திறப்பதுதான் காரணம். குடிக்கிறதுக்கு ஒரு கூலர், இறைச்சிக்கும் பாலுக்கும் இன்னொன்று. இரண்டாவதைச் சமைக்கிறவர் மட்டும் திறக்கட்டும். கோழியை மசாலா பிரட்டி, இரட்டைப் பையில் உறையவைத்துக் கொண்டு போனால் அதுவே ஐஸ் மாதிரி. சின்னக் கட்டிகளை விடப் பெரிய பாளம் நீடிக்கும். 4 பாகைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெப்பமானி போட்டு வையுங்கள். இன்சுலின் ஐஸோடு ஒட்டக் கூடாது, உறைந்தால் பிறகு அது உதவாது.

ஆக்கிய சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் எறியுங்கள். பழஞ்சோற்றுப் பழக்கம் எங்களுக்கு உண்டுதான். ஆனால் மூடிய சட்டியில் மெல்ல ஆறும் சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. கழிவறைக்கு 200 மீற்றர் நடக்கவேண்டிய இடத்தில் வயிற்றுப்போக்கு வேண்டாமே.

இரவில் சட்டி உருளும் சத்தம்

பெரும்பாலும் ரக்கூன். அது கூலர் மூடியைத் திறக்கத் தெரிந்த பிராணி. படுக்குமுன் உணவு, கூலர், குப்பை, கழுவாத சட்டி மட்டுமல்ல, பற்பசை, பிள்ளையின் ஈரத்துடைப்பான், பால்மாப் பேணி எல்லாம் வாகனத்துக்குள் போய் ஜன்னல் மூடப்பட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டும் வேண்டாம். கறி கழுவிய தண்ணியைப் பற்றைக்குள் ஊற்றினால் அதுவே அழைப்பு. சல்லடையில் வடித்து, துண்டுகளைக் குப்பையில் போட்டு, தண்ணியைப் பூங்கா காட்டும் இடத்தில் ஊற்றுங்கள்.

கரடி வந்தால் ஓட வேண்டாம். சின்னன்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக நில்லுங்கள், உரத்துப் பேசிக்கொண்டே மெல்லப் பின்னால் போங்கள், அதற்குப் போக வழி விடுங்கள். பிறகு பூங்காவுக்கு அறிவியுங்கள்.

நுளம்புக் கடி, உண்ணிக் கடி

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை அல்கொன்குயின் பக்கம் கறுப்பு ஈயும் நுளம்பும் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளையோடு முதல் பயணம் என்றால் அந்தக் காலத்தைத் தவிருங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூச்சிவிரட்டி ஸ்பிரே கிடையாது, வலை மட்டும். 6 மாதத்துக்கு மேல் 20 சதவீதம் வரையான இக்காரிடின் என்ற பூச்சிவிரட்டி போடலாம். டீட் என்ற மற்றப் பூச்சிவிரட்டி என்றால் 10 சதவீதத்துக்குக் கூடாமல், 2 வயது வரை நாளுக்கு ஒரு தடவை, 2 முதல் 12 வரை மூன்று தடவை. முதலில் சன்ஸ்கிரீன், பிறகு இது. பிள்ளையின் கையில் பூசாதீர்கள், கை வாய்க்குத்தான் போகும்.

உண்ணியை ஒவ்வொரு மாலையும் தேடுங்கள்: தலைமயிர், காதின் பின்பக்கம், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம். கடித்திருந்தால் கூர்நுனிச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். திருகவோ, தீக்குச்சியால் சுடவோ, எண்ணெய் பூசவோ வேண்டாம். உண்ணியைச் சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள். ஒட்டி 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் அபாயம் கூடும். 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்துக்கடை மருந்தாளரே தடுப்பு மருந்து எழுதித் தரலாம், ஆனால் உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் வைத்தியரிடமே காட்டுங்கள். வீடு வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, பரவிக்கொண்டு போகும் சிவப்பு வட்டமோ வந்தால் "காம்பிங் போனோம்" என்று சொல்லுங்கள், வைத்தியர் தானாக ஊகிக்கமாட்டார்.

தண்ணீர்க் கரையில் பன்னிரண்டு பேர், யாரும் பார்க்கவில்லை

இந்தப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. கூட்டம் கூடியபோதுதான் பிள்ளை தாழும்: அம்மா சித்தி பார்க்கிறார் என்று நினைப்பார், சித்தி மாமா பார்க்கிறார் என்று நினைப்பார். பிள்ளை சத்தமில்லாமல் தாழும், கத்தாது. ஒரு நிறத் தொப்பி வையுங்கள். அதைப் போட்டிருப்பவர் 15 நிமிடம் போனைத் தொடாமல், கதைக்காமல் தண்ணியை மட்டும் பார்ப்பார். பிறகு தொப்பியைப் பெயர் சொல்லி இன்னொருவர் தலையில் வைப்பார். 5 வயதுக்குக் குறைந்தவர்கள் கையெட்டும் தூரத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு. காற்றடைத்த வாத்து, முதலையெல்லாம் பெரிய ஏரிகளில் வேண்டாம். கரையிலிருந்து வீசும் காற்று நிமிடத்தில் ஆழத்துக்குக் கொண்டு போகும். இடி கேட்டால் தண்ணியை விட்டு வாகனத்துக்குள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை. கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.

சைட்டுகள் இருட்டில் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளையின் கையில் சைட் இலக்கத்தைப் பேனாவால் எழுதி, கழுத்தில் விசில் மாட்டுங்கள். தொலைந்தால் நடக்காமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லுங்கள்.

"வீட்ட போவம்" என்று அம்மம்மா சொல்கிறார்

பத்துக்கு ஒன்பது தடவை காரணம் முழங்கால். நிலத்தில் படுத்தவரால் இரவில் எழும்ப முடியவில்லை, அதனால் மாலையிலிருந்து தண்ணி குடிக்காமல் இருக்கிறார். மடக்குக் கட்டில், கைப்பிடியுள்ள உயரக் கதிரை, குளியலறைக் கட்டிடத்துக்குப் பக்கத்து சைட், தலையில் கட்டும் டோர்ச். குளிசைகளை நேரப்படி பிரித்த பெட்டி கூலரிலோ வாகனத்திலோ அல்ல, அவரது கைப்பையில்.

வீடு வந்து ஒரு கிழமையில் கூடாரம் நாறுகிறது

ஈரத்தோடு சுருட்டியிருக்கிறீர்கள். ஞாயிறு மத்தியானம் மழையில் கழற்றியதென்றால் அன்றிரவே கராஜிலோ குளியலறைத் திரைக்கம்பியிலோ விரித்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணியில் மென்மையான சவர்க்காரம் கரைத்து, பஞ்சால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். சலவை இயந்திரத்தில் போட்டால் உட்பூச்சு உரிந்துவிடும்.